25,000 ரூபாயில் கடற்கரையில் ஓர் ஆவணப்படம்: எதை வாங்குவது, எதை இரவல் கேட்பது?

மண்டபம் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று பேர், காட்சித் தொடர்பியல் இறுதி ஆண்டு. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி 12 நிமிட ஆவணப்படம் எடுக்கப் போகிறோம். வீட்டில் கேட்டும் உதவித்தொகையில் மிச்சம் பிடித்தும் 25,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். இதற்கு மேல் ஒரு ரூபாய் கூட வராது.

கையில் இருப்பது ஒரு நல்ல ஆண்ட்ராய்டு போன், சுமாரான போன் இரண்டு, 8 ஜி.பி. ரேம் உள்ள ஒரு லேப்டாப். கல்லூரி கேமரா உண்டு, ஆனால் வெளியே கொடுத்தால் இரண்டு நாளில் திருப்பிக் கேட்பார்கள்.

லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று வாங்கிவிடலாம் என்கிறான் ஒருவன். நடந்தாலும் படம் ஆடாமல் பிடிக்கும் கிம்பல் வேண்டும் என்கிறாள் இன்னொருத்தி. ட்ரோன் இல்லாமல் பாம்பனில் படமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் 99

என் ஓட்டு கேமராவுக்கு. பழைய கேனன் 200டி, கூடவே 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ். அந்த லென்ஸில் ஒரு பாட்டியின் முகத்தை எடுத்துப் பாருங்கள், பின்னால் கடல் மங்கிக் கரைந்து நிற்கும். போனில் அது வராது, வந்தாலும் முடியின் ஓரத்தில் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். மற்றதை எல்லாம் நண்பர்களிடம் கேட்டுச் சமாளிக்கலாம். கேமரா சொந்தமாக இருந்தால்தான் தினம் கை பழகும்.

தொண்டி ஒலி

படப்பிடிப்புத் தளங்களில் ஒலிப்பதிவு என் வேலை. சொந்த ஊர் தொண்டி, அதனால் இந்தக் கரையின் காற்று எப்படி என்று தெரியும்.

தங்கச்சி, உங்கள் படத்தில் பாதி அந்தப் பெண்கள் பேசப் போவதுதான். படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் ஆட்கள் பார்ப்பார்கள். பேச்சு காதில் விழவில்லை என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள். மற்ற ஊரில் இது பொதுவான புத்திமதி. ராமநாதபுரம் கடற்கரையில் இதுதான் முதல் செலவு. இங்கே வருடத்தில் பெரும்பகுதி ஏதாவது ஒரு காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது, வைகாசி ஆனியில் தொடங்கும் தென்மேற்குக் காற்றான கச்சான், ஐப்பசிக்கு மேல் வாடை. மைக்கின் சவ்வில் காற்று நேராக மோதினால் ஆழமான 'டம டம' ஓசை ஏறிப் பதிவு உடைந்துவிடும். உடைந்த பதிவை எந்த மென்பொருளும் முழுசாக மீட்டுத் தராது. காற்று மைக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் போயா பி.ஒய்-எம்1 மாதிரிக் காலர் மைக் இரண்டு வாங்குங்கள். ஒயர் ஆறு மீட்டர் நீளம், உள்ளே எல்.ஆர்.44 பொத்தான் பேட்டரி, போனுக்கும் கேமராவுக்கும் மாற்ற ஒரு ஸ்விட்ச். அந்த ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பேட்டரி நான்கைந்து சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மைக்கைச் சுமாரான போனில் செருகி, அந்தப் போனைப் பேசுகிறவரின் மடியிலோ சுருக்குப்பையிலோ வைத்துவிட்டால் அதுவே ரெக்கார்டர். வேவ் கோப்பாகப் பதியும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. ஏர்பிளேன் மோடில் போட மறக்க வேண்டாம், அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும், டவரைத் தேடும் 'ஜிர்ர்' ஓசையும் ஒயரில் ஏறும். படத்தையும் ஒலியையும் பிறகு சேர்க்க ஒவ்வொரு முறையும் கேமரா முன்னால் ஒரு கைதட்டல் போதும்.

மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு வீட்டுக்குள் சரி, கரையில் போதாது. மேலே ரோம உறை வேண்டும். சின்னதாக வாங்கலாம், இல்லையென்றால் பொம்மைக்குப் பயன்படுத்தும் நீள முடித் துணியை ஒரு முழம் வாங்கி நீங்களே தைக்கலாம். முடி நீளமாக இருக்க வேண்டும், அடித்துணி காற்றுப் புகும் அளவுக்கு மெல்லிசாக இருக்க வேண்டும். ரப்பர் பூசிய அடித்துணி என்றால் குரலையும் சேர்த்து அடைத்துவிடும்.

அப்புறம், மைக்கைச் சேலைக்கு வெளியே குத்தாதீர்கள், முந்தானை படபடக்கும்போது உரசும். ரவிக்கையின் உள் ஓரத்தில் மருத்துவ டேப்பால் ஒட்டுவது நல்லது. அதைச் செய்ய உங்கள் குழுவில் ஒரு பெண் இருப்பது பெரிய வசதி.

கல்யாண கேமரா

தொண்டித் தம்பி சொல்வதுதான் சரி. ராமநாதபுரம் டவுனில் பல வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், அதனால் வேறொரு வழியும் சொல்கிறேன்.

கேமராவை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். இந்த மாவட்டத்தில் நல்ல கேமராவும் ட்ரைபாடும் இருப்பது கல்யாண ஸ்டுடியோக்களில்தான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, பெட்டி அலமாரியில்தான் கிடக்கும். அப்போது போய்க் கல்லூரிக் கடிதத்தோடு கேட்டால் எந்த ஸ்டுடியோக்காரரும் பேசிப் பார்ப்பார், ஆவணியிலோ தையிலோ கேட்டால் நின்று பேசக்கூட நேரம் இருக்காது. மூன்று நாள், நான்கு நாள் சேர்த்துக் கேளுங்கள், ஒரு நாள் வாடகையை விடக் குறைத்துத் தருவார்கள். முழுப் படத்தையும் அதில் எடுக்க வேண்டியதில்லை. முக்கியமான பேட்டிகளையும் மங்கிய பின்புலம் தேவைப்படும் காட்சிகளையும் அந்த நாட்களில் முடித்துவிட்டு மற்றதைப் போனில் எடுங்கள்.

மார்கழி என்றால் காற்றும் ஒரு கணக்கில் வசதி. ஆடியில் கச்சான் உச்சத்தில் இருக்கும்.

தேவிபட்டினம் 99

அண்ணே, வாடகைக்கு எடுத்த பொருளை உப்புத் தண்ணீர் பக்கம் கொண்டுபோகப் பயமாக இருக்காதா? சொந்தமாக இருந்தால் கொஞ்சம் துணிந்து எடுக்கலாம்.

கல்யாண கேமரா

பயம் இருக்கட்டும் தம்பி, நல்லதுதான். வாடகைக் கேமரா கரையில் நிற்கட்டும். வள்ளத்தில் ஏறுவது போன் மட்டும்.

கீழக்கரை காக்கா

பழைய கேமரா வாங்குகிறவர்களுக்குப் பார்த்துக் கொடுப்பது என் பழக்கம். வாங்கியே தீருவேன் என்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

விலை குறைவு என்று கேனன் 1500டி, நிக்கான் டி3500 இரண்டையும் நிறையப் பேர் காட்டுவார்கள். இரண்டிலும் வெளி மைக் செருக ஓட்டை கிடையாது. போட்டோவுக்கு நல்ல கேமராதான், உங்கள் வேலைக்கு ஆகாது. கேனன் 700டி, 200டி இரண்டிலும் மைக் ஓட்டை உண்டு. 200டி-யில் திருப்பிப் பார்க்கும் திரையும், வீடியோவில் ஆளை விடாமல் பிடிக்கும் ஃபோகஸும் இருக்கிறது. 50 எம்.எம். லென்ஸ் அந்தச் சென்சாரில் 80 எம்.எம். போலத்தான் வேலை செய்யும். முகத்துக்கு அருமை. சின்ன வீட்டுக்குள் இரண்டு பேரை ஒன்றாகக் காட்ட முடியாது, சுவர் வரை பின்னால் போயும் இடம் போதாது.

நம் கரையோர ஊர்களில் பழைய லென்ஸ் வாங்கும்போது முதலில் பூஞ்சை பாருங்கள். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி நூல் போல வெள்ளைக் கோடு தெரியும். தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம், அது மற்ற லென்ஸுக்கும் பரவலாம். பிறகு லென்ஸின் திறப்பை எஃப் 16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு போட்டோ எடுங்கள், சென்சாரில் உள்ள கறை கறுப்புப் புள்ளியாக வரும். பேட்டரி மூடியைத் திறந்து செம்பு முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை இருந்தால் அந்தக் கேமரா உப்பில் ஊறியது.

200டி நல்ல நிலையில் லென்ஸோடு வந்தால் உங்கள் 25,000 முழுவதும் அதிலேயே போய்விடும். மைக், ட்ரைபாட், மெமரி கார்டு எதற்கும் காசு இருக்காது. அதனால் நானும் வாடகைக் கட்சிதான்.

மண்டபம் மாணவி

நன்றி காக்கா, அண்ணா. ஒரு சந்தேகம். போனில் எடுத்தது என்று தெரிந்தால் திரைவிழாக்களில் ஒதுக்கிவிட மாட்டார்களா? கரையில் மதியம் எடுத்துப் பார்த்தோம், எல்லாமே ஒரு மாதிரி வெட்டி வெட்டி ஓடுகிறது. அலை கூடக் கூர்மையாகத் தெறிக்கிறது. போனின் குறையா?

எடிட் மேசை

போனில் எடுத்த முழுநீளப் படங்களே உலகத் திரைவிழாக்களில் ஓடியிருக்கின்றன, அந்தக் கவலையை விடுங்கள். வெட்டி வெட்டி ஓடுவதற்குக் காரணம் வெளிச்சம்.

கணக்கைப் பாருங்கள். போன் லென்ஸின் திறப்பு மாறாது, பெரும்பாலும் எஃப் 1.8 பக்கம். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சார் ஒளியை உணரும் அளவு) 100 வைத்தால் அளவான வெளிச்சத்துக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஏறக்குறைய நொடியில் 8,000-ல் ஒரு பங்குக்குப் போகும். அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரிய நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் நொடியில் 50-ல் ஒரு பங்கு வேண்டும். இரண்டுக்கும் நடுவே 160 மடங்கு வித்தியாசம், அதாவது ஏழு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). இந்த வெளிச்சத்தை வெட்டத்தான் லென்ஸ் முன்னால் மாட்டும் கருங்கண்ணாடியான என்.டி. ஃபில்டர். ஐ.எஸ்.ஓ. 50 வரை இறங்கும் போன் என்றால் வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காக்கும் என்.டி.64 கிட்டத்தட்டப் போதும். வெள்ளை மணலும் கடல் பளபளப்பும் சேரும் தனுஷ்கோடிப் பக்கம் என்றால் அதற்கும் மேல் தேவைப்படும். போனில் கவ்வும் கிளிப்போடு சுழற்றும் என்.டி. ஒன்று வாங்குங்கள். கடைசி எல்லை வரை சுழற்ற வேண்டாம், படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல இருள் விழும்.

25 பிரேம், 50-ல் ஒன்று என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 பிரேமில் 60-ல் ஒன்று வைத்து டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் படம் துடிக்கும், பிறகு சரிசெய்வது பெரிய பாடு.

செயலிக்குக் காசு வேண்டாம். பிளாக்மேஜிக் கேமரா இலவசம். ஆனால் ஆண்ட்ராய்டில் எல்லாப் போனிலும் ஓடாது, உங்கள் மாடலுக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஓப்பன் கேமரா இருக்கிறது. ஃபோகஸ், நிறச் சாயலை முடிவு செய்யும் வெள்ளைச் சமன், ஐ.எஸ்.ஓ., ஷட்டர் நான்கையும் பூட்டிவிட்டு எடுங்கள். மேகம் நகரும்போதெல்லாம் போன் தானாக நிறத்தை மாற்றினால் எடிட்டில் இரண்டு துண்டு ஒட்டாது.

தொண்டி ஒலி

சினிமாச் செயலியில் எடுக்கும்போது போன் சூட்டில் அணையும். குடை ஒன்று எடுத்துப் போங்கள். போன் கவரைக் கழற்றிவிடுங்கள்.

மண்டபம் மாணவி

கிம்பல் பற்றி யாருமே சொல்லவில்லையே?

கல்யாண கேமரா

வேண்டாம். மணலிலும் வழுக்குப் பாறையிலும் கிம்பலைப் பிடித்து நடப்பது சிரமம். பலத்த காற்றில் மோட்டார் திணறும், இடுக்குகளில் மணல் புகுந்தால் அதோடு சரி. உங்கள் கதைக்கு மிதக்கும் காட்சியும் தேவையில்லை.

அந்தக் காசில் கனமான ட்ரைபாட் வாங்குங்கள். வீடியோ தலை உள்ளது, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. போன் பிடிக்கிற கிளாம்ப் தனியாக இரும்பில் கிடைக்கும், பிளாஸ்டிக் வேண்டாம். லேசான ட்ரைபாடைக் கரையில் வைத்தால் காற்றில் நடுங்குவது படத்தில் தெரியும். மூன்று துணிப்பையில் கடற்கரை மணலையே நிரப்பிக் காலடியில் அணைத்து வைத்தால் அசையாது. நடுவில் தொங்கவிடாதீர்கள், பை ஊஞ்சலாடினால் கேமராவும் ஆடும். வேலை முடிந்ததும் கால்களை முழுசாக நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்துத்தான் மடக்க வேண்டும். மணலோடு மடக்கினால் அடுத்த முறை திறக்காது.

லைட்டும் வாங்காதீர்கள். நம் ஊர்த் தெர்மாகோல் ஷீட் போதும், அதுவும் வீட்டு வாசல் வரைதான், கரையில் பறந்துவிடும். கரையில் வெள்ளை மணலே கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். பேட்டியைத் திண்ணை நிழலில், முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி உட்கார வைத்து எடுங்கள். பின்னால் கடல் தெரிய வேண்டும் என்று அடம்பிடித்தால் முகம் கறுத்துப்போகும்.

தேவிபட்டினம் 99

ட்ரோன் மட்டும் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாமே. புதுப் பாம்பன் பாலம் 2025-ல் திறந்ததிலிருந்து எல்லோரும் மேலிருந்து எடுக்கிறார்கள். 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்கு லைசென்ஸ் வேண்டாமாமே?

கீழக்கரை காக்கா

ஓட்டுபவர் சான்றிதழ்தான் வேண்டாம், எங்கும் பறக்கலாம் என்று அர்த்தமில்லை தம்பி. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை, எதிரே இலங்கை. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல், அனுமதி இல்லாமல் ஏற்றினால் பொருளும் போகும், பிள்ளைகளின் படிப்புக்கும் தொந்தரவு. ட்ரோன் இருந்தால் ஒரு நிமிடக் காட்சி கூடும், அவ்வளவுதான்.

ட்ரோன் இல்லாவிட்டாலும் படமெடுக்கும் விவரத்தைக் கல்லூரிக் கடிதத்தோடு உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கடலோரக் காவலிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாம்பன் பேத்தி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அப்பாயி பாசி எடுக்கப் போனவர். எங்கள் தெருவில் இன்றும் போகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் எடுக்கப் போகும் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள், என்ன வாங்குவது என்பது அதிலிருந்தே தெரியும். விடியும் முன்னே வள்ளத்தில் கிளம்புவார்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, முங்கி முங்கி எடுப்பார்கள். அந்த நேரத்தில் எந்த மைக்கும் உடம்பில் நிற்காது. கம்பியில்லா மைக் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், மைக்கும் உப்புத் தண்ணீரும் ஒன்றாக இருக்க முடியாது. பேச்சு எல்லாம் திரும்பி வந்து, பாசியைக் காயப்போட்டு, சாப்பிட்டு முடித்த மதியத்துக்கு மேல்தான் நடக்கும். வீட்டுக்குப் பின்னால் பனை மட்டை வேலியின் மறைவில் உட்கார்ந்தால் காற்றும் குறைவு. தொண்டி அண்ணா சொன்ன ஒயர் மைக் அங்கே சரியாக இருக்கும்.

காற்றைப் பொறுத்துக் கரையை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடையில் அப்படியே தலைகீழ். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் ஒரே கரையில் நின்று காற்றோடு மல்லுக்கட்டுவார்கள். ஒரு ஆட்டோ பிடித்தால் மறுபக்கம்.

இப்போது சொல்வதுதான் முக்கியம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அந்தத் தீவுகளில் காலடி வைக்க அனுமதி இல்லை. பாசியோ தீவுகளைச் சுற்றித்தான் நிறைய. இதனால் எங்கள் பெண்களுக்கும் வனத்துறைக்கும் நடுவே நீண்ட காலமாக இழுபறி இருக்கிறது. நீங்கள் நல்ல எண்ணத்தோடு எடுத்த ஒரு காட்சியில் முகமும் வள்ளத்தின் எண்ணும் தீவும் ஒன்றாகத் தெரிந்தால், படம் இணையத்தில் ஏறிய பிறகு அபராதமோ வழக்கோ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். நீங்கள் கல்லூரி முடித்துப் போய்விடுவீர்கள், அவர்கள் மறுநாளும் அதே கடலுக்குப் போக வேண்டும். அதனால் எதை எடுக்கலாம், எதைக் காட்டலாம் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். எடிட் முடிந்ததும் அவர்களுக்கு ஒரு முறை போட்டுக் காட்டிவிட்டு வெளியிடுங்கள். பாசி வளர்ப்பு செய்கிறவர்கள் கரையை ஒட்டியே மிதவை கட்டி வளர்க்கிறார்கள், அங்கே தண்ணீர்க் காட்சி எடுப்பதில் இந்தச் சிக்கல் குறைவு.

அப்புறம் 25,000-ல் ஒரு பங்கை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். உங்களுக்காக அரை நாள் உட்கார்ந்தால் அவர்களுக்கு அரை நாள் கூலி போகிறது. வள்ளத்தில் ஏற்றிக்கொண்டால் டீசலுக்குக் கொடுங்கள், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். பட்ஜெட் போடுகிற யாரும் இதை எழுதுவதில்லை.

கல்யாண கேமரா

தங்கச்சி எழுதியதை மேலே ஒட்டி வைக்க வேண்டும். 5,000 ஒதுக்குங்கள், முதலிலேயே தனிக் கவரில்.

தொண்டி ஒலி

பாம்பனில் 90.4 பண்பலையில் 'கடல் ஓசை' என்று ஒரு சமுதாய வானொலி இருக்கிறது, 2016 முதல் மீனவர்களுக்காகவே நடக்கிறது. படம் எடுக்கும் முன் நிறையக் கேளுங்கள். அந்தப் பேச்சின் வேகமும் சொற்களும் காதில் பழகிவிட்டால் என்ன கேள்வி கேட்பது என்று தெரியும், எடிட்டில் எங்கே வெட்டுவது என்றும் தெரியும்.

ஒலியில் இன்னும் ஒன்று. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல், அசையாமல் அந்த இடத்தின் ஓசையை ஒரு நிமிடம் பதியுங்கள். அலை, வள்ளத்தின் எஞ்சின், பாசியைக் கொட்டும் ஓசை, பாயில் உலர்த்தும் ஓசை எல்லாவற்றையும் தனித்தனியாக அருகில் போய்ப் பதியுங்கள். இதற்குக் காசே தேவையில்லை, படத்துக்கு உயிர் கொடுப்பது இதுதான்.

மண்டபம் மாணவி

அக்கா, மிக்க நன்றி. தீவு விஷயம் எங்களுக்கு இவ்வளவு தூரம் தெரியாது. அடுத்த வாரம் கேமரா எதுவும் இல்லாமல் வந்து அவர்களைப் பார்த்துப் பேசுகிறோம். உங்கள் தெருவுக்கு வரலாமா?

இப்போதைய யோசனை இது. கேமரா வாங்கவில்லை. பெண்களுக்கும் வள்ளத்துக்கும் 5,000 தனியாக. மார்கழியில் நான்கு நாள் கேமரா வாடகைக்கு 8,000 வரை. காலர் மைக் இரண்டு, ரோமத் துணி, பேட்டரிக்கு 2,500. பழைய ட்ரைபாடும் கிளாம்ப்பும் 4,000-க்குள் தேடுகிறோம். என்.டி. ஃபில்டருக்கு 1,500. மீதி 4,000-ல் வீடியோவைச் சேமிக்கும் செலவும் பஸ் செலவும் சாப்பாடும். எங்கள் போன் ஒன்றில் ஹெட்போன் ஓட்டை இல்லை, டைப்-சி மட்டும்தான். அதற்கு என்ன செய்வது? பொருட்களை எப்படிப் பாதுகாப்பது? 8 ஜி.பி. லேப்டாப்பில் எடிட் ஓடுமா?

பாம்பன் பேத்தி

வாருங்கள். சாயங்காலம் வாருங்கள், காலையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

கீழக்கரை காக்கா

டைப்-சி மாற்றி வாங்கும்போது மைக்கையும் ஏற்கும் வகையா என்று கேட்டு, கடையிலேயே பேசிப் பதிந்து பாருங்கள். பாட்டு கேட்க மட்டும் ஆகிற மாற்றிகள் நிறைய விற்கின்றன.

பாதுகாப்புக்கு இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். அரிசியில் புதைக்க வேண்டாம், தூசியும் மாவும் உள்ளே போகும். கரையில் லென்ஸைக் கழற்றவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, பிறகு காய்ந்த துணி. லென்ஸ் கண்ணாடியில் முதலில் ஊதுகுழலால் மணலை ஊதிவிட்டுத்தான் துணி பட வேண்டும். வாட்டர்புரூஃப் போன் என்று எழுதியிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது, கடலில் முக்காதீர்கள். வள்ளத்தில் ஏறும்போது பவுச்சில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

எடிட் மேசை

8 ஜி.பி.யில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட் மென்பொருள் திணறும், 16 இருந்தால்தான் நிம்மதி. கெடென்லைவ் அல்லது ஷாட்கட் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம், இரண்டிலும் ப்ராக்ஸி வசதி உண்டு. சின்ன நகலில் எடிட் செய்து கடைசியில் பெரிய கோப்பில் வெளியெடுக்கலாம். நிறம் மட்டும் ரிசால்வில் பார்க்க ஆசை என்றால் கல்லூரி ஆய்வகக் கணினியில் ஒரு நாள் கேளுங்கள்.

போன் கோப்புகளில் பிரேம் வேகம் நிலையாக இருக்காது. அப்படியே போட்டால் பத்து நிமிடப் பேட்டியில் உதடும் குரலும் மெல்ல விலகிவிடும். எடிட் தொடங்கும் முன் ஹேண்ட்பிரேக் என்ற மாற்றி மென்பொருளில் போட்டு 25 பிரேமுக்கு நிலைப்படுத்துங்கள், தரத்தைக் குறைக்காமல்.

பேட்டியை 1080-ஐ விட இரு மடங்கு அகலமான 4கே-யில் எடுத்து 1080 அளவில் எடிட் செய்தால், ஒரே ஷாட்டிலிருந்து அருகில் ஒன்று, தள்ளி ஒன்று என இரண்டு அளவு கிடைக்கும். இரண்டாவது கேமராச் செலவு மிச்சம். மற்ற காட்சிகளுக்கு 1080 போதும்.

வாடகைக் கேமரா 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். வி30 என்று அச்சிட்ட கார்டு அந்த வேகத்துக்குத் தாராளம். பெயர் மட்டும் உள்ள போலிக் கார்டுகள் உலவுகின்றன, வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டி முழுக் கொள்ளளவும் இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் இரவு லேப்டாப்பில் ஒரு நகல், வெளி டிஸ்கில் ஒரு நகல். இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழியுங்கள். டிஸ்க் இரண்டாவது ஆளின் வீட்டில் இருக்கட்டும்.

மண்டபம் மாணவி

வெளி டிஸ்க் ஒன்று வீட்டில் பழையது இருக்கிறது அண்ணா, 500 ஜி.பி. பெரிய வீடியோவைப் போட்டால் 'கோப்பு மிகப் பெரியது' என்று மறுக்கிறது. இடம் காலியாகத்தான் இருக்கிறது.

எடிட் மேசை

அது எஃப்.ஏ.டி.32 வடிவத்தில் இருக்கும். அதில் ஒரே கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வேறெங்காவது நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஃபார்மேட் செய்யுங்கள், சரியாகிவிடும். பழைய டிஸ்க் என்பதால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் அதன் நிலையையும் ஒரு முறை பாருங்கள். மஞ்சள் அல்லது சிவப்புக் காட்டினால் அதை நம்பிப் பேட்டியை வைக்காதீர்கள், மீதி 4,000-ல் முதல் செலவு புது டிஸ்க்காக இருக்கட்டும்.